தேசத்துக்கு அப்பால் ஒரு அரசியல் சொந்தம் உண்டா? சாமி மக்களின் கதை

கேள்வி இதுதான்: "தேசத்தைத் தாண்டிய அரசியல் சொந்தம், எல்லை கடந்த மக்கள் இயக்கம் என்றெல்லாம் பேசுகிறார்கள். நடைமுறையில் அப்படி ஒன்று எங்காவது இருக்கிறதா? இல்லை, கருத்தரங்குகளில் மட்டும் உயிரோடு இருக்கும் சரக்கா?"

இருக்கிறது. எனக்குத் தெரிந்து அதற்கு நல்ல உதாரணம் ஐரோப்பாவின் வட உச்சியில் வாழும் சாமி மக்கள். (பெயரைப் பார்த்து நம் ஊர்ச் சாமியை நினைக்க வேண்டாம். தங்கள் மொழியில் தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. வெளியார் முன்பு 'லாப்' என்று கூப்பிட்டார்கள்; அதை இப்போது வசையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.) நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என நான்கு நாடுகளில் பரவிக் கிடக்கும் தங்கள் நிலத்துக்குச் சாப்மி என்று பெயர். மொத்தம் எண்பதாயிரம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு, பாதிக்கு மேல் நார்வேயில். நம் ஊரில் ஒரு நடுத்தர நகராட்சி அளவு கூட்டம், அவ்வளவுதான். இவர்கள் தனி நாடு கேட்கவில்லை. ஆனால் ஒரே கொடி, ஒரே தேசிய கீதம், ஒரே தேசிய நாள் வைத்திருக்கிறார்கள். மூன்று நாடுகளில் ஆளுக்கொரு நாடாளுமன்றம் இருக்கிறது. நான்கு நாட்டு அமைப்புகளும் சேர்ந்த ஒரு பொது மன்றமும் இருக்கிறது.

இதை எப்படிக் கட்டினார்கள் என்று பார்த்தால், பெரிய தத்துவம் எதுவும் அடியில் இல்லை. பனிமான் இருக்கிறது.

பனிமான், அதாவது ரெயின்டீர், குளிர்காலத்தில் உள்நாட்டில் பனியைக் குளம்பால் தோண்டி அடியில் இருக்கும் பாசி போன்ற லைக்கனைத் தின்னும். கோடையில் கடற்கரைப் பக்கம் பச்சைப் புல்லுக்குப் போகும். கரை நார்வேயில், குளிர்கால மேய்ச்சல் ஸ்வீடனிலும் பின்லாந்திலும். மந்தையோடு மனிதனும் போவான். இது நாடுகளெல்லாம் கோடு போடுவதற்கு முன்பே இருந்த வழக்கம். 1751-இல் ஸ்வீடனும், அப்போது நார்வேயையும் ஆண்டுகொண்டிருந்த டென்மார்க்கும் உட்கார்ந்து எல்லையைக் குறித்தபோது, இந்த வழக்கத்தை என்ன செய்வது என்ற சிக்கல் வந்தது. அதனால் எல்லை ஒப்பந்தத்தோடு 30 பிரிவுகள் கொண்ட ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தார்கள். சாமிகள் வழக்கம்போல வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மந்தையோடு எல்லையைக் கடக்கலாம். போர் வந்தாலும் இந்தப் போக்குவரத்து நிற்காது. ஆனால் ஒருவர் ஒரு நாட்டின் குடியாகத்தான் இருக்க முடியும், எந்த நாடு என்பதை அவரே சொல்லவேண்டும். பின்னிணைப்பின் நோக்கமே அந்த 'இனத்தின்' பாதுகாப்புதான் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு மன்னர்களுக்குச் சாமிகள் மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வரி கட்டுகிறவன், அவனை விரட்டினால் நிலம் காலியாகிவிடும், அந்தக் கணக்கு. என்றாலும் அந்த ஏடு இன்றுவரை முறைப்படி ரத்தாகவில்லை. சாமி வழக்கறிஞர்கள் அதை இன்னும் எடுத்து நீட்டுகிறார்கள்.

அடுத்த நூற்றாண்டில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பின்லாந்து 1809-இல் ரஷ்ய ஜாரின் கைக்குப் போனது. 1852-இல் நார்வே–பின்லாந்து எல்லை மந்தைகளுக்கு மூடப்பட்டது. அப்போது நார்வேயின் கௌடோகெய்னோ பக்கத்துக் குடும்பங்கள் பல என்ன செய்தன தெரியுமா? ஸ்வீடனின் கரேசுவாண்டோவுக்குப் போய் ஸ்வீடன் குடிகளாகப் பதிந்துகொண்டன. ஏனென்றால் ஸ்வீடன்–பின்லாந்து எல்லை இன்னும் திறந்திருந்தது. மான் போகும் பாதையைக் காப்பாற்றக் குடியுரிமையை மாற்றிக்கொண்டார்கள். குடியுரிமை என்றால் தாய்நாடு, உணர்வு, ரத்தம் என்று பேசிப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். அவர்களுக்கு அது குளிர்கால மேய்ச்சலுக்கான ஒரு சீட்டு. 1889-இல் அந்த எல்லையும் மூடிவிட்டது.

1905-இல் நார்வே ஸ்வீடனிடமிருந்து பிரிந்தது. புது நாட்டுக்குத் தன் நிலத்தில் வெளிநாட்டு மான் மேய்வது பிடிக்கவில்லை. 1919-இல் போட்ட மேய்ச்சல் ஒப்பந்தம் ஸ்வீடன் பக்கத்திலிருந்து வரக்கூடிய மான்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. விளைவாக வடக்கு ஸ்வீடனின் சாமிக் குடும்பங்கள் பல நூறு கிலோமீட்டர் தெற்கே, வேறு சாமிகளின் மேய்ச்சல் நிலங்களுக்கு அனுப்பப்பட்டன. இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டன, சண்டை இரண்டு சாமிக் கூட்டங்களுக்கு நடுவில் மூண்டது. அதன் தழும்பு இன்னும் ஆறவில்லை.

இதற்கெல்லாம் எதிராக முதலில் ஊர்களைக் கூட்டியவர் ஒரு மருத்துவச்சி. எல்சா லவுலா ரென்பெர்க் 1877-இல் ஸ்வீடன் பக்கத்தில் பிறந்தவர். 1904-இல் சாமிகளின் நில உரிமை பற்றி ஒரு சிறு வெளியீடு எழுதினார். அதே ஆண்டு ஒரு சங்கத்தையும் தொடங்கினார். கல்யாணம் ஆகி நார்வே பக்கம் போனவர் அங்கே பெண்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார். அந்தச் சங்கத்தின் முயற்சியில்தான் 1917 பிப்ரவரி 6-ஆம் தேதி ட்ரொண்ட்ஹெய்மில் ஒரு மெத்தடிஸ்ட் தேவாலயத்தில் நார்வே, ஸ்வீடன் இரண்டு பக்கத்துச் சாமிகளும் கூடினார்கள். நூறு பேருக்கு மேல். பேசியதெல்லாம் மேய்ச்சல் சட்டம், பள்ளிக்கூடம், சங்கம் அமைப்பது. விடுதலை முழக்கம் ஏதும் கிடையாது. அந்தப் பிப்ரவரி 6 தான் இன்று நான்கு நாட்டிலும் சாமி தேசிய நாள். எனக்கு இதில் பிடித்த விஷயம், பல நாடுகள் தங்கள் தேசிய நாளாகப் போர் முடிந்த நாளையோ அதிகாரம் கைமாறிய நாளையோ வைத்திருக்கும்போது, இவர்கள் ஒரு கூட்டம் நடந்த நாளை வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் பல பத்தாண்டுகள் மந்தமாகத்தான் போயின. நார்வேயில் 1902-இன் நிலச் சட்டப்படி, ஃபின்மார்க் மாவட்டத்தில் அரசு நிலம் வாங்க நார்வேஜிய மொழி பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் சாமி மொழிக்கு இடமில்லை. கடற்கரைச் சாமிகள் பலர் தங்கள் பிள்ளைகளிடம்கூட மொழியை மறைத்தார்கள். 1956-இல் கரஷோக் ஊரில் மூன்று நாட்டுச் சாமிகளும் சேர்ந்து ஒரு பொது மன்றம் அமைத்தது இந்தக் காலத்தின் ஒரே பெரிய முன்னேற்றம்.

திருப்பம் வந்தது ஒரு அணையால்.

ஆல்டா–கௌடோகெய்னோ ஆற்றில் நீர்மின் திட்டம் என்று நார்வே அரசு திட்டமிட்டது. முதல் வரைவின்படி மாசே என்ற சாமி ஊர் முழுதும் நீருக்குள் போய்விடும். 1970-இல் நாடாளுமன்றக் குழு ஊரைப் பார்க்க வந்தபோது, ஊர்க்காரர்கள் 'நாங்கள்தான் முதலில் வந்தோம்' என்று பலகை பிடித்து நின்றார்கள். ஊர் தப்பியது, திட்டம் சாகவில்லை. சுருக்கிய வடிவத்தை 1978-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1979 கோடையில் ஸ்டில்லா என்ற இடத்தில் சாலை போடும் இயந்திரங்களுக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்தார்கள். சாமிகள் மட்டும் இல்லை. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், ஆல்டாவின் சால்மன் மீனவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று கலந்த கூட்டம்.

அந்த அக்டோபரில் ஏழு சாமி இளைஞர்கள் தலைநகர் ஆஸ்லோவுக்கு வந்து, நாடாளுமன்றத்துக்கு எதிரே லாவ்வு எனப்படும் தங்கள் கூடாரத்தை அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அதுவரை சாமி என்றால் சுற்றுலா அஞ்சலட்டைப் படம் என்று நினைத்திருந்த நகரவாசிகள், அந்தக் கூடாரத்தைச் சுற்றிக் கூடினார்கள். அரசு ஒரு வாரத்துக்குள் இறங்கி வந்து வேலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. 1981 ஜனவரியில் திரும்பவும் வேலை தொடங்கியபோது, ஸ்டில்லாவில் கடுங்குளிரில் ஏறத்தாழ ஆயிரம் பேர் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு கிடந்தார்கள். 600 போலீசார் வந்து ஒவ்வொரு சங்கிலியாக வெட்டித் தூக்கிப் போனார்கள். போலீசாரைத் தங்க வைக்க ஒரு கப்பலையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது அரசு. அடுத்த மாதம் சாமிப் பெண்கள் சிலர் பிரதமர் க்ரோ ஹார்லெம் ப்ருண்ட்லாந்தின் அலுவலகத்துக்குள் போய், வெளியே வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்துதான் கிளப்ப வேண்டியிருந்தது.

அணை கட்டி முடிக்கப்பட்டது. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. போராட்டம் தோற்றது என்றுதான் அன்றைய பத்திரிகை எழுதியிருக்கும்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியே ஆகவேண்டும், உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது. உண்ணாவிரதம் இருந்த ஏழு பேரில் ஒருவர் நில்லாஸ் சொம்பி. 1982-இல் கட்டுமான இடத்துக்குப் போகும் ஒரு பாலத்தை வெடிவைக்க முயன்றார். வெடி கையிலேயே வெடித்து ஒரு கையும் ஒரு கண்ணும் போயின. சிறைக்குப் பயந்து குடும்பத்தோடு கனடாவுக்குத் தப்பினார். அங்கே அவரை மறைத்துக் காத்தவர்கள் கனடாவின் பூர்வகுடிகள். மேற்குக் கரையில் இருக்கும் நுஹால்க் மக்கள் அவரைத் தத்தெடுத்துத் தங்களில் ஒருவராக்கிக்கொண்டார்கள். கனடா அரசுக்கு அவர் அனுமதியின்றி இருந்த வெளிநாட்டுக்காரர். நுஹால்க் மக்களுக்குச் சொந்தக்காரர். யார் யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்யும் உரிமை அரசிடம் மட்டுமே இல்லை என்பதை அந்த ஊர் செய்து காட்டியது. கடைசியில் கனடா அவரை வெளியேற்றிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நார்வேயில் அவருக்குக் கிடைத்தது லேசான தண்டனைதான்.

கனடாவின் பூர்வகுடிகள் அவருக்குக் கதவைத் திறந்ததற்கு முன்கதை உண்டு. 1975-இல் கனடாவின் போர்ட் ஆல்பெர்னியில் உலகப் பூர்வகுடிகள் மன்றம் தொடங்கியபோது சாமிகள் அங்கே போயிருந்தார்கள். அதன் இரண்டாவது மாநாடு 1977-இல் ஸ்வீடனின் கிருணாவில், சாமி நிலத்திலேயே நடந்தது. 'நாங்கள் நார்வேயின் சிறுபான்மையினர்' என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் 'நாங்கள் உலகப் பூர்வகுடிகளில் ஒரு மக்கள்' என்று பேசத் தொடங்கியது இந்தக் கூட்டங்களுக்குப் பிறகுதான். சொல் மாறியதும் சட்டத்தில் பிடி மாறியது. சிறுபான்மை என்றால் சலுகை கேட்கலாம். பூர்வகுடி என்றால் நிலம் கேட்கலாம்.

ஆல்டாவின் பலன் பின்னால் வந்தது. வெளிநாட்டில் மனித உரிமை பேசிக்கொண்டிருந்த நார்வேக்குத் தன் வீட்டு வாசலில் சங்கிலி வெட்டியது பெரிய தலைகுனிவு. 1980-இலேயே சாமி உரிமைகளை ஆராய ஒரு குழு போட்டார்கள். 1987-இல் சாமி சட்டம், 1988-இல் அரசியல் சாசனத்தில் திருத்தம், 1989-இல் கரஷோக்கில் சாமி நாடாளுமன்றம். 1990-இல் பூர்வகுடிகள் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆம் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்ற நாடு நார்வே. 1997-இல் மன்னர் ஹரால்ட் அந்த நாடாளுமன்றத்துக்கு வந்து, நார்வே அரசு நார்வேஜியர், சாமிகள் என்ற இரு மக்களின் நிலத்தின்மேல் அமைந்தது என்று சொல்லி மன்னிப்பும் கேட்டார்.

பக்கத்து நாடுகளைப் பாருங்கள். 1973-இல் சாமிகளுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்றை முதலில் வைத்தது பின்லாந்து. அதைக் காட்டி நார்வேயில் கேட்டார்கள். நார்வே அதைவிடப் பெரிதாகக் கொடுத்ததும் ஸ்வீடனில் கேட்டார்கள், 1993-இல் வந்தது. பின்லாந்தும் தன் மன்றத்தை 1996-இல் நாடாளுமன்றமாக மாற்றியது. பக்கத்து வீட்டில் கொடுக்கிறார்களே என்று பிள்ளைகள் கேட்பது மாதிரிதான். மூன்று அரசுகளும் மனித உரிமையில் யார் நல்லவர் என்று போட்டி போடுகிறவை, அந்தப் போட்டியைச் சாமிகள் நன்றாகப் பயன்படுத்தினார்கள். எல்லை தாண்டிய அமைப்பின் உண்மையான பலம் இதுதான் என்பது என் கணிப்பு. ஒரே நாட்டுக்குள் அடைபட்டிருந்தால் இந்த வித்தை நடந்திருக்காது. அதற்காக ஸ்வீடனும் பின்லாந்தும் 169-ஐ ஏற்றுவிட்டன என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் ஏற்கவில்லை.

சரி, சொந்தம் என்று ஒன்றைக் கட்டிவிட்டால் உடனே வரும் தலைவலி: யார் உள்ளே, யார் வெளியே?

அரசுக்கு இது சுலபம். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, முடிந்தது. சாமி நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க, முதலில் நான் சாமி என்று நீங்களே சொல்லிப் பதிய வேண்டும். கூடவே மொழிக் கணக்கு. நார்வேயில் நீங்களோ, பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டி யாராவது ஒருவரோ வீட்டில் சாமி மொழி பேசியிருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் ஏற்கனவே பட்டியலில் இருந்தாலும் சரி. ஸ்வீடனில் தாத்தா பாட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மொழியைப் பள்ளியில் அழித்த அரசுகளின் நாட்டில் மொழியை அளவுகோலாக வைத்திருப்பது கசப்பான விஷயம்தான். வேறு வழி? முகம், நிறம் என்று போனால் மண்டையோடு அளந்த பழைய காலத்துக்குப் போய்விடும். அதைச் சாமிகள் ஏற்கனவே அனுபவித்திருக்கிறார்கள். நார்வேயின் பட்டியலில் 1989-இல் சுமார் 5,500 பேர், 2021-இல் 20,000-ஐத் தாண்டியது. ஆட்கள் திடீரென்று பிறந்துவிடவில்லை. மறைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பெயர் கொடுக்கிறார்கள்.

பின்லாந்தில்தான் இது வழக்காக வெடித்தது. பழைய வரிப் பதிவேட்டில் முன்னோர் 'லாப்' என்று இருந்தாலே போதும் என்று வாதாடிச் சிலர் பட்டியலில் சேரக் கேட்டார்கள். சாமி நாடாளுமன்றம் மறுத்தது. 2015-இல் பின்லாந்தின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 93 பேரைச் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. சாமித் தலைவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 2019-இல் குழு அவர்கள் பக்கம் நின்றது: ஒரு மக்கள் கூட்டத்தில் யார் உறுப்பினர் என்பதில் அந்தக் கூட்டத்தின் சொல்லை நீதிமன்றம் இப்படித் தள்ளிவிட முடியாது என்பது சாரம். எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை. பட்டியலில் விடுபட்டவர்களில் உண்மையாகவே தங்களைச் சாமி என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு மேல்முறையீடு எங்கே? ஆனாலும், சேர்ப்பதை முழுக்க அரசு நீதிமன்றத்திடம் விட்டால் ஒரு நாள் அந்த நாடாளுமன்றத்தில் சாமிகளே சிறுபான்மை ஆகிவிடலாம் என்ற பயம் கற்பனை இல்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது முழுக்க முழுக்க அடிமட்டத்தில் நடந்தது. நார்வேக்கும் பின்லாந்துக்கும் நடுவே எல்லையாக ஓடும் தேட்னு ஆறு சால்மனுக்குப் பெயர் போனது. அக்கரை இக்கரை இரண்டிலும் ஒரே குடும்பங்கள். 2017-இல் இரண்டு அரசுகளும் மீன்பிடி ஒப்பந்தம் போட்டு, சாமிகளின் பாரம்பரிய வலைமுறைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு வைத்தன. சாமி நாடாளுமன்றங்களின் எதிர்ப்பு எடுபடவில்லை. அந்தக் கோடையில் ஒரு சிறு குழு ஆற்றின் நடுவே இருக்கும் ஒரு தீவில் கூடாரம் அடித்து, இந்த இடத்தில் ஒப்பந்தம் செல்லாது, வெளியூரிலிருந்து தூண்டில் போட வருகிறவர்கள் இங்குள்ள குடும்பங்களிடம் அனுமதி கேளுங்கள் என்று அறிவித்தது. கோரிக்கை மனு இல்லை, பேரணி இல்லை. சட்டம் தங்களிடம் இருப்பதாக நினைத்து நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான். பின்னால் மீனே குறைந்துபோய், 2021 முதல் அந்த ஆற்றில் சால்மன் பிடிக்கவே தடை. உரிமைக்கு வாதாடி முடிப்பதற்குள் மீன் போய்விட்டது.

இதையெல்லாம் வைத்து, தேசத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று சொல்வது மிகை. மூன்று நாட்டுக்கும் பொதுவான சாமி உடன்படிக்கையின் வரைவு 2005-இல் வந்தது. 2017-இல் பேச்சு முடிந்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சாமி நாடாளுமன்றங்களுக்கு நிலத்தின்மேல் தடுப்புரிமை கிடையாது, பணம் அரசிடமிருந்து வருகிறது. நார்வேயின் ஃபோசென் பகுதியில் மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அது சாமிகளின் உரிமை மீறல் என்று ஒருமனதாகச் சொன்னது, ஆனால் விசிறிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. தீர்ப்பு வந்து 500 நாள் ஆனபோது, 2023 பிப்ரவரியில், இளைஞர்கள் ஆஸ்லோவில் எரிசக்தி அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஸ்வீடனிலிருந்து கிரெட்டா துன்பெர்க்கும் வந்து சேர்ந்தார். பலர் தங்கள் மரபு உடையான காக்தியை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தார்கள், அது அவர்களின் எதிர்ப்பு அடையாளம். அரசு மன்னிப்புக் கேட்டது. பிறகு இழப்பீடு, மாற்று மேய்ச்சல் என்று சமரசம் ஆனது. காற்றாலைகள் அங்கேயே இருக்கின்றன.

நான்காவது நாட்டின் நிலைமை இன்னும் மோசம். கோலா தீபகற்பத்தில் இருக்கும் சாமிகள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. சோவியத் உடைந்த பிறகு, 1992-இல், அவர்களும் பொது மன்றத்தில் சேர்ந்தார்கள். 2010-இல் தாங்களாகவே ஒரு மன்றம் தேர்ந்தெடுத்தார்கள், ரஷ்ய அரசு அதை ஏற்கவில்லை. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய சில வாரங்களில் பொது மன்றம் ரஷ்யப் பக்கத்து அமைப்புகளோடு முறையான ஒத்துழைப்பை நிறுத்தி வைத்தது. 1751-இன் ஏட்டில் போர் வந்தாலும் போக்குவரத்து நிற்காது என்று எழுதியிருந்தது, ஆனால் அது ரஷ்யா சம்பந்தப்படாத ஏடு. போரை எதிர்த்த கோலாச் சாமிச் செயல்பாட்டாளர்கள் சிலர் எல்லை தாண்டி நார்வேக்கு வந்தார்கள். அவர்கள் கணக்கில் சாப்மியின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஆனாலும் தஞ்சம் கேட்டு மனுப் போட வேண்டியிருந்தது. அந்த மனுவை முடிவு செய்வது கரஷோக்கில் இருக்கும் நாடாளுமன்றம் இல்லை, ஆஸ்லோவின் குடிவரவுத் துறை.